கணிப்பொறிக்குப் பார்க்கக் கற்பிக்கும் பாடம்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

ஒரு பிள்ளை கல்லூரியில் என்ன படிக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். மருத்துவம், சட்டம், விவசாயம் என்றால் பயன் இன்னதென்று யாவருக்கும் விளங்கும். அண்மைக் காலத்தில் பல்கலைக்கழகங்களில் புகுந்துள்ள சில பாடங்களின் பெயர்களோ நம் கிராமத்துப் பெரியவர்களுக்குப் புதிராகவே இருக்கின்றன. நம் வட்டாரத்தில் பஞ்சாயத்துக் கூட்டம் ஒன்று முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் நம்மை அணுகினார். "ஐயா, என் மகள் இன்ஜினீயரிங் படிக்கிறாள். கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடமாம், இந்தப் பருவத்தில் அதை எடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு ஏது கண்? அதை நம்பி நான் பட்டது போதாதா?" என்றார்.

அவர் பட்டது இதுதான். சம்பா நடவு முடிந்த மூன்றாம் வாரத்தில் அவருடைய வயலில் தாழ்வான பகுதிகளில் பயிர் வளர்ச்சி குன்றி, அடி இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புத் திட்டுகள் தோன்றின. வீட்டுப் பையன் ஒருவன் மாலை மங்கிய வேளையில் ஓர் இலையைக் கைப்பேசியில் படமெடுத்தான். கைப்பேசியிலிருந்த நோயறி செயலி ஒன்று அது பழுப்புப்புள்ளி நோய் என்று விடை கூறிற்று. நண்பர் கடைக்குச் சென்று பூஞ்சாணக் கொல்லி வாங்கி இருமுறை தெளித்தார். பயிர் தேறவில்லை. பிறகு விவசாய அலுவலர் வந்து பார்த்தார். இளம் இலைகளின் அடிப்பாகத்தில் நடுநரம்பு வெளுத்திருப்பதைக் காட்டினார். கடைசி உழவில் துத்தநாக சல்பேட் இட்டீர்களா என்று வினவினார். இடவில்லை. நோய் ஏதுமில்லை, துத்தநாகச் சத்துக் குறைவே காரணம். 100 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் துத்தநாக சல்பேட்டும் 1 கிலோ யூரியாவும் கலந்து தெளிக்கச் சொன்னார். பல இடங்களில் பயிர் தேறிற்று. கழிந்த நாள்களும் மருந்துக்குக் கொடுத்த பணமும் திரும்பவில்லை.

யந்திரம் ஏன் தவறிற்று, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு விடை, அவர் மகள் படிக்கும் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. ஆகவே அப்பாடத்தில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறியுமாறு இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

கண்ணில்லாத யந்திரம் காண்பது எப்படி?

கணிப்பொறிக்குத் தெரிந்தது எண் ஒன்றே. ஆகவே படமும் அதற்குள் எண்களாகவே புகவேண்டும். ஒரு நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிப்பதுபோல், படத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பிக்ஸல் என்று பெயர். தமிழில் படப்புள்ளி எனலாம். அக்கட்டம் முற்றும் இருட்டாயின் 0, முற்றும் வெளிச்சமாயின் 255, இடைப்பட்ட நிலைக்கு இடைப்பட்ட எண் என்று குறிக்கப்படுகிறது. வண்ணப் படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட கைப்பேசிப் படம் ஒன்று, கணிப்பொறிக்கு 3 கோடியே 60 லட்சம் எண்கள் எழுதிய பேரேடேயன்றி வேறன்று.

நாம் நெல்லிலை என்று காணுமிடத்தில் அது எண்களை மட்டுமே காண்கிறது. மேகம் சூரியனை மறைத்தால் இலை மாறுவதில்லை. ஆனால் எண்கள் அத்தனையும் மாறிவிடுகின்றன. இலையைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாலும், பக்கத்தில் விரல் நிழல் விழுந்தாலும் அவ்வாறே. இவ்வளவு மாறியும் இலை இலையேதான் என்று அறிவது நம் கண்ணுக்கும் மூளைக்கும் பிறவியோடு வந்த திறமை. அத்திறமையை எண்களைக் கொண்டே யந்திரத்துக்கு உண்டாக்குவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் முதல் வினாவாகும்.

எளிதென்று எண்ணிய கோடைக்காலம்

இது கடினமான வேலை என்பதை அறிஞர்களே முதலில் உணரவில்லை. 1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸெய்மர் பேப்பர்ட் என்பவர், மாணவர்களைக் கொண்டு ஒரு கோடை விடுமுறைக்குள் பார்வை யந்திரத்தின் பெரும்பகுதியை அமைத்துவிடலாம் என்று திட்டம் வகுத்தார். அந்தக் கோடை கழிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆராய்ச்சி முடியவில்லை.

உயிர்களின் கண் எவ்வாறு வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சியிலிருந்து ஒரு நல்ல குறிப்புக் கிடைத்திருந்தது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் 1959இல் பூனையின் மூளையைச் சோதித்து வெளியிட்ட முடிவு வியப்பானது. அம்மூளையில் பார்வைக்குரிய பகுதியிலுள்ள அணுக்களில் பல, முழு உருவத்தைக் கண்டு கிளர்ச்சி அடைவதில்லை. ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள விளிம்பையோ கோட்டையோ கண்டால்தான் கிளர்கின்றன. இதற்காகவும் இதைத் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிக்காகவும் அவ்விருவருக்கும் 1981இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. சிறு கோடுகளிலிருந்து தொடங்கிப் பெரிய உருவத்துக்குச் செல்லவேண்டும் என்ற பாடத்தைக் கணிப்பொறி அறிஞர்கள் இதிலிருந்து கற்றனர்.

கோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், வரப்பைக் கண்டுபிடிப்பது போலத்தான். வரப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் மட்டம் வேறுபடும். படத்திலும் அடுத்தடுத்த கட்டங்களின் எண்களைக் கழித்துப் பார்க்கவேண்டும். இப்புறம் 40, அப்புறமும் 40 என்றால் வேறுபாடு 0, அங்கே விளிம்பில்லை. இப்புறம் 40, அப்புறம் 200 என்றால் வேறுபாடு 160. அங்கே விளிம்பு ஓடுகிறது. மூன்று கட்ட அகலமும் மூன்று கட்ட நீளமும் உள்ள சிறு சல்லடை ஒன்றைப் படம் முழுவதும் நகர்த்தி இக்கணக்கைப் போடுகிறார்கள். இதற்குக் கன்வல்யூஷன் என்று பெயர்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் முறை

இக்கல்வியைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் பாடங்களில் பெயர்பெற்றது, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சி.எஸ். 231 என் என்ற பாடமாகும். ஃபேஃபே லீ என்ற பேராசிரியையும், அவரிடம் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த ஆந்த்ரே கார்பதி, ஜஸ்டின் ஜான்சன் ஆகியோரும் இதனை வகுத்தனர். முதலாண்டில் 150 பேர் சேர்ந்தனர், அடுத்த ஆண்டு 330, 2017இல் 750. பாடக் குறிப்புகளை யாவரும் படிக்கும்படி வெளியிட்டதால் உலகெங்கும் மாணவர்கள் அதனைப் பயில்கின்றனர். நம் நாட்டிலும் ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் வாயிலாக இத்துறைப் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

இதில் சேர விரும்பும் மாணவருக்குக் கணிதம் தெரிந்திருக்கவேண்டும். கணிப்பொறிக்கு ஆணை எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். முதல் பயிற்சிக்குச் சைஃபார்-10 என்ற படத்தொகுதியைக் கொடுக்கிறார்கள். அதில் 60,000 சிறு படங்கள் உள்ளன. குதிரை, மான், நாய், பூனை, தவளை, பறவை, விமானம், கப்பல், கார், லாரி என்று பத்து வகை. ஒரு படத்துக்கு 32க்கு 32 கட்டங்களே. இவற்றில் 50,000 படங்கள் பயிற்சிக்கு. 10,000 படங்கள் தேர்வுக்கு. தேர்வுப் படங்களைப் பயிற்சியின்போது யந்திரத்துக்குக் காட்டவே கூடாது. வகுப்பில் செய்துகாட்டிய கணக்கையே தேர்வில் கொடுத்தால் மாணவன் மனப்பாடம் செய்தானா, புரிந்துகொண்டானா என்று ஆசிரியருக்கு எவ்வாறு தெரியும்? அதே நியாயம்தான் இங்கும்.

முதலில் மாணவர்கள் மிக எளிய முறை ஒன்றைச் செய்து பார்க்கின்றனர். புதிய படம் வந்தால், பழைய 50,000 படங்களில் எதன் எண்கள் இதற்கு மிகவும் நெருங்கி வருகின்றன என்று கட்டத்துக்குக் கட்டம் கழித்துப் பார்த்து, அதன் பெயரையே இதற்கும் சூட்டிவிடுவது. பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 100க்கு 10 சரியாகும். இம்முறையில் 100க்கு ஏறத்தாழ 38 சரியாகின்றன. மனிதர் சொன்னால் 94 சரியாகும் என்று மதிப்பிட்டிருக்கின்றனர்.

இம்முறை தோற்பதற்குரிய காரணம் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. யந்திரம் பிராணியைப் பார்ப்பதில்லை. படத்தின் மொத்த நிறத்தைப் பார்க்கிறது. பசும்புல்லில் நிற்கும் குதிரையும் பசும்புல்லில் நிற்கும் மானும் அதற்கு நெருங்கிய உறவு. கொட்டிலில் நிற்கும் குதிரையோ அந்நியம். பின்னணியைப் பொருளென்று மயங்குவதே யந்திரப் பார்வையின் முதற்பிழை. இப்பிழை உருமாறிப் பின்னரும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

தவறிலிருந்து திருந்தும் வலைப்பின்னல்

அடுத்து மாணவர்கள் நரம்பு வலைப்பின்னல் என்ற முறைக்கு வருகின்றனர். முன்னர் கூறிய சல்லடைகளை அடுக்கடுக்காக வைக்கிறார்கள். முதல் அடுக்கு சிறு கோடுகளைப் பிடிக்கும், அடுத்தது கோடுகள் சேர்ந்த வளைவுகளையும் புள்ளிகளையும், அதற்கடுத்தது அவை சேர்ந்த உறுப்புகளை, முடிவில் பெயர். சல்லடையில் என்ன எண் இருக்கவேண்டும் என்பதை மனிதர் வகுத்துக் கொடுப்பதில்லை. யந்திரமே பழகிக்கொள்கிறது.

அப்பழக்கத்தை விவசாயிக்கு விளக்குதல் எளிது. நடவுக்கு முன் வயலைச் சமன் செய்யும்போது நாம் தண்ணீர் கட்டிப் பார்க்கிறோம். மேடு தெரிந்த இடத்தில் சிறிது மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போட்டுப் பரம்படிக்கிறோம்; மறுபடி தண்ணீர் கட்டிப் பார்க்கிறோம். ஒரே நாளில் மட்டம் வந்துவிடுவதில்லை; சிறிது சிறிதாகவே வருகிறது. வலைப்பின்னலும் ஒரு படத்துக்கு விடை கூறும். சரியான விடையோடு ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்று தெரியும். அப்பிழை குறையும் திசையில் ஒவ்வோர் எண்ணையும் சிறிது திருத்துவார்கள். லட்சக்கணக்கான முறை இவ்வாறு திருத்தியபின் பிழை தணிகிறது.

இம்முறை நெடுநாளாகத் தெரிந்திருந்தும் பெரும் பயன் தராதிருந்தது. படங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். ஃபேஃபே லீ குழுவினர் 2009இல் இமேஜ்நெட் என்ற படக்களஞ்சியத்தை வெளியிட்டனர். அது வளர்ந்து 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் கொண்டதாயிற்று. அத்தனை படங்களுக்கும் இது இன்னதென்று பெயர் எழுதியவர்கள் மனிதர்களே. 160க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 49,000 பேர் வலைவழியே கூலி பெற்று அவ்வேலையைச் செய்தனர். 1,000 வகைப் பொருள்களை இனங்காணும் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. முதல் ஐந்து ஊகங்களுள் சரியான பெயர் இல்லையெனில் பிழை என்பது விதி. 2012ஆம் ஆண்டில் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் அமைத்த வலைப்பின்னல் 15.3 சதவிகிதப் பிழையுடன் வென்றது. இரண்டாம் இடம் பெற்றதன் பிழை 26.2 சதவிகிதம். வென்ற வலைப்பின்னலில் திருத்தப்பட்ட எண்கள் சுமார் 6 கோடி. அன்றுமுதல் உலகெங்கும் இம்முறையே மேலோங்கியது.

இதில் நாம் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. யந்திரம் தானே ஒன்றும் அறிந்துவிடவில்லை. யாரோ ஒருவர் பெயர் எழுதிக் கொடுத்த படங்களிலிருந்தே அது கற்றது. பெயர் எழுதியவர் தவறினால் அதுவும் தவறும். அவர் காட்டாத பொருளை அது அறியாது.

வயலில் நடந்த தேர்வு

இனி நம் நண்பரின் வயலுக்குத் திரும்புவோம். பயிர் நோய்களைக் கண்டறிய இம்முறையைப் பயன்படுத்திய ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று 2016இல் வெளிவந்தது. பிளாண்ட்வில்லேஜ் என்ற தொகுதியிலிருந்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு, 14 பயிர்களிலும் 26 நோய்களிலும் யந்திரத்துக்குப் பயிற்சி அளித்தார்கள். அதே தொகுதியில் ஒதுக்கி வைத்த படங்களைக் கொண்டு தேர்வு நடத்தியபோது 99.35 சதவிகிதம் சரியாக இருந்தது. இதைக் கேட்பவர், இனி விவசாய அலுவலர் எதற்கு என்றே எண்ணுவார்.

ஆனால் அந்த ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாக இன்னொரு தேர்வையும் நடத்தினார்கள். வேறு இடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது சரியான விடை 31 சதவிகிதமாகச் சரிந்தது. பயிற்சிப் படங்கள் யாவும், இலையைக் கிள்ளிச் சாம்பல் அல்லது கறுப்புக் காகிதத்தின்மேல் வைத்து எடுத்தவை. வயலிலோ சேறு உண்டு, நிழல் உண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இலைகள் உண்டு. மேலும் அந்த 14 பயிர்களில் தக்காளி உண்டு, உருளைக்கிழங்கு உண்டு, ஆப்பிள்கூட உண்டு, நெல் இல்லை. ஆகவே ஒரு செயலி 99 சதவிகிதம் சரி என்று யாரேனும் விளம்பரம் செய்தால், "எந்தப் பயிரில்? எந்த வயலில் எடுத்த படங்களில்?" என்று நாம் கேட்கவேண்டும்.

இதனால் யந்திரப் பார்வை பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. ஆப்பிரிக்காவில் மரவள்ளிப் பயிருக்காக அமைக்கப்பட்ட நூரு என்ற செயலியை வயலிலேயே சோதித்து, 2020இல் முடிவு வெளியிட்டார்கள். நோயறிவதில் விவசாயிகள் 18 முதல் 31 சதவிகிதமும், விரிவாக்க அலுவலர்கள் 40 முதல் 58 சதவிகிதமும் சரியாகக் கூறினர்; செயலி 65 சதவிகிதம் சரியாகக் கூறிற்று. ஒரு செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது அது 74 முதல் 88 சதவிகிதம்வரை உயர்ந்தது. அலுவலராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அந்தப் பயிருக்கென்றே, அந்த நிலத்துப் படங்களைக் கொண்டே பழக்கினால் யந்திரம் நல்ல துணையாகும். நம் நாட்டிலும் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கி, விவசாயி அனுப்பும் படத்தைக் கொண்டு பூச்சியை இனங்காண வழி செய்தது.

நம் நண்பர் வயலில் நடந்த பிழைக்குக் காரணங்கள் இப்போது விளங்கும். படம் மங்கிய ஒளியில் எடுத்தது. ஓர் இலை மட்டுமே காட்டப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழுப்புத் திட்டு என்ற உருவத்தை யந்திரம் கண்டதே ஒழிய, திட்டுகள் அடி இலைகளில் தொடங்கியதையும், தாழ்வான இடங்களில் மட்டும் பயிர் குன்றியதையும், துத்தநாகம் இடப்படாததையும் அதனிடம் யாரும் சொல்லவில்லை. விவசாய அலுவலர் இலையை மட்டும் பார்க்கவில்லை. வயலையும் பார்த்தார், விவசாயியையும் கேட்டார்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, செயலியைப் பயன்படுத்துவோர் பகல் ஒளியில், நிழல் விழாமல், ஒரே இலையோடு நில்லாமல் பல இலைகளையும் முழுச் செடியையும் படமெடுக்க வேண்டும். இரண்டாவது, செயலி சொல்வதை ஓர் ஊகமாகக் கொள்ளவேண்டுமே தவிர, மருந்துச் சீட்டாகக் கொள்ளலாகாது. மருந்து வாங்குமுன் விவசாய அலுவலரிடமோ, 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்திலோ கேட்டறிவது நலம், அழைப்புக்குக் கட்டணமில்லை. மூன்றாவது, பஞ்சாயத்துகள் செய்யக்கூடிய ஒரு நற்பணி உண்டு. ஊரில் பயிருக்கு நோயோ சத்துக் குறைவோ தோன்றும்போது படமெடுத்து, தேதி, ரகம், மண், வயலின் மேடு பள்ளம் ஆகியவற்றுடன் அலுவலர் கூறிய முடிவையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கலாம். அப்பதிவேடே நம் மண்ணுக்குரிய பாடநூலாகும். நம் ஊர்ப் பிள்ளைகள் யந்திரத்துக்கு அதிலிருந்து கற்பிக்கலாம்.

இவ்வளவையும் அந்த உறுப்பினரிடம் விளக்கினோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் கம்ப்யூட்டருக்கு இது துத்தநாகக் குறைவு, இது நோய் என்று சொல்லிக்கொடுக்க வயல் தெரிந்த ஆள் வேண்டுமே?" என்று கேட்டார். ஆம் என்றோம்.

பருவ முடிவில் அப்பெண் ஒரு செய்முறை வேலை முடித்துக் காட்டவேண்டியிருந்தது. விடுமுறையில் வந்து, தந்தையையும் விவசாய அலுவலரையும் அழைத்துக்கொண்டு வயல்களில் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறாள். பெயர் எழுதுவது அலுவலர் பொறுப்பு. எந்த மூலையில் எப்போது திட்டு விழுந்தது என்று சொல்வது தந்தையின் பொறுப்பு. சில நூறு படங்களே சேர்ந்திருக்கின்றன. அவை போதா. ஆயினும் அண்டைப் பஞ்சாயத்துகளும் இதில் கைகொடுத்தால், அடுத்த சம்பாவுக்குள் சில ஆயிரம் சேரும். கண்ணில்லாத யந்திரத்துக்கு நம் வயலைக் காட்டிக் கொடுக்கவேண்டியவர்கள் நாமே. அவ்வேலையைத் தொலைவிலுள்ள எவரோ செய்வார் என்று காத்திராமல், ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு பதிவேட்டைத் திறக்குமாக.